சம்பந்தம் செய்தே பெரிய ஆளான சமஸ்தானம்

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம்டா. தேதி குறித்ததும் சொல், டிக்கெட் போட வேண்டும். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான். வீட்டோடு கிடப்பதால் ஜெர்மன் வரலாறு ஓடுகிறது.

கோபர்க் என்று ஒரு குட்டிச் சமஸ்தானம். பெரிய படையும் இல்லை, பெரிய வருமானமும் இல்லை. அவர்களுடைய ஒரே முதலீடு கல்யாணம்தான். 1795இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின் தன் பேரனுக்குப் பெண் தேடியபோது, கோபர்க் இளவரசி தன் மூத்த மகள்கள் மூவரையும் பீட்டர்ஸ்பர்க்குக்கே கூட்டிப் போனாள். நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் பார்க்க வருவார்கள்! அந்த மூவரில் இளையவளான யூலியானாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்குப் பதினான்கு வயது. கணவன் கான்ஸ்டன்டைன் முரடன். 1801இல் பிறந்த வீட்டுக்குக் கிளம்பியவள் திரும்பிப் போகவே இல்லை. சம்பந்தம் மட்டும் குடும்பத்துக்குப் பெருமையாக நின்றது.

அப்புறம் வரிசையாக லாபம்தான். தம்பி லியோபோல்டு 1831இல் பெல்ஜியத்துக்கு மன்னரானார். 1840இல் லியோபோல்டின் அண்ணன் மகன் ஆல்பர்ட், இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணியைக் கட்டினார். மகாராணியின் அம்மா ஆல்பர்ட்டுக்குச் சொந்த அத்தை. நம் கணக்கில் அசல் முறைப்பெண்.

இதற்கிடையே 1826இல் கோத்தா என்ற இன்னொரு சமஸ்தானமும் இவர்கள் கைக்கு வந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவே துரிங்கியக் காடு. ஒரே மன்னர், தனித்தனி ஊர்கள்.

என்னைக் கேட்டால், இந்தக் கல்யாணங்களைவிடப் பெரிய விஷயம் கோபர்க் மக்கள் போட்ட ஓட்டுதான். 1918இல் மன்னராட்சி முடிந்ததும் இரண்டும் பிரிந்தன. பக்கத்துக் குட்டிச் சமஸ்தானங்கள் சேர்ந்து உருவாகவிருந்த துரிங்கியா மாநிலத்தோடு சேரலாமா என்று 1919 நவம்பர் 30 அன்று கோபர்க்கில் கேட்டார்கள். சுமார் 88 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 1920 ஜூலை 1 அன்று தெற்கே இருந்த பவேரியா மாநிலத்தில் சேர்ந்தார்கள். போகிற போக்கில், ஊர் நாடகசாலையை அரசு ஆதரிக்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். கெட்டிக்காரர்கள்!

கோத்தா துரிங்கியாவோடு போனது. 1945க்குப் பிறகு பார்: கோத்தா சோவியத் பக்கம், கோபர்க் அமெரிக்கப் பக்கம். மூன்று திசையிலும் கிழக்கு ஜெர்மனியின் கம்பிவேலி சூழ்ந்திருந்தாலும் கோபர்க் மேற்கு ஜெர்மனியாகவே இருந்தது. ஓட்டுப் போட்டபோது சோவியத் படை ஜெர்மனிக்குள் வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

கோத்தாவில் அச்சிட்ட நிலப்படங்கள் தனிக்கதை. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
மூர்த்தி