கோட்டையைச் சுற்றி ஒரு நடை

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அப்பா போன பிறகு ராத்திரி தூக்கமே இல்லை, பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. பாகப்பிரிவினை வழக்கு தொடங்கியபோது நானும் அப்படித்தான் இருந்தேன். வாய்தா நெருங்கினாலே நெஞ்சு படபடக்கும்.

மார்கழியில்தான் விடியற்காலையில் கோட்டைக்கு நடக்கப் போக ஆரம்பித்தேன். அகழியோரமாக வேகமாக நடப்பேன். மூன்று வாரம் போனதும் ஒன்றைக் கவனித்தேன். நடக்கும்போதும் அதே படபடப்பு, அதே வேர்வை, அதே மூச்சு வாங்கல். ஆனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் பக்கம் வந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

அப்புறம் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கோபமோ பயமோ வந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பி அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. வேகமாக ஓடினாலும் அதே சுரப்பிதான் வேலை செய்கிறது. ஆனால் ஓட்டம் நின்றதும் அவை இறங்கத் தொடங்கும். கவலைக்கு அப்படி நிற்கிற இடம் கிடையாது, பாயில் படுத்தாலும் கூடவே படுக்கும். நாள்தோறும் இவை ஏறி இறங்கிப் பழகிய உடம்பில், அதே வேகத்துக்கு இதயம் முன்போல அடித்துக்கொள்வதில்லை, சீக்கிரம் நிலைக்கு வருகிறது. என் உடம்பிலேயே இதைப் பார்க்கிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை, தூக்கம் வருகிறது.

நடந்த பிறகு மனசு லேசாவதற்கு, வலி தெரியாமல் இருக்க உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின் காரணம் என்பார்கள். ரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழையாதாம். சுலபமாக நுழைவது, உடம்பிலேயே உண்டாகும் அனந்தமைடு என்ற இன்னொரு பொருள். 1992இல் அதைக் கண்டறிந்தவர்கள் வைத்த பெயர், நாம் சொல்லும் ஆனந்தம்தான்! எனக்கு அன்றைக்கெல்லாம் அதே நினைப்பாக இருந்தது.

எடுத்ததுமே ஓடாதே. தூங்காத உடம்பை வதைத்தால் இன்னும்தான் சோர்ந்துபோகும். வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமாகச் செய்தாலே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, ஐந்து நாள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் டாக்டரிடம் பிரஷர் பார்த்துக்கொள். அப்படியும் தூக்கம் வராவிட்டால் அதையும் அவரிடம் சொல், உள்ளே வைத்துக்கொள்ளாதே.

அப்பாவை மறக்கச் சொல்லவில்லை மச்சான். ரத்தினகிரி படியில் நம் இருவரையும் முன்னால் விட்டுப் பின்னால் ஏறி வருவாரே, அது எனக்கும் கண்ணிலேயே நிற்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு வந்துவிடு. கூட்டம் சேருவதற்கு முன்பே, இருட்டோடு கிளம்பி ஏறலாம்.

உன்,
மச்சான்
வேலூர்