கான்ஃபிக் ஃபைலைத் திறக்கத் தயங்குகிறவர்களுக்காக: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். மென்பொருளை நிறுவுவது இன்று பெரும்பாலும் இரண்டு கிளிக் வேலைதான். அதற்கப்புறம்தான் தலைவலி. "இதை மாற்ற கான்ஃபிக் ஃபைலைத் திருத்தவும்" என்று உதவிக் குறிப்பில் ஒற்றை வரி இருக்கும். மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அமைப்புகள் (செட்டிங்ஸ்) எழுதப்பட்ட ஃபைல்தான் அது. திறந்தால் நூற்றுக்கணக்கான வரிகள். எதைத் தொட்டால் எது நின்றுபோகும் என்று விளங்காது. விவரம் தெரிந்தவர் யாராவது வரட்டும் என்று பலர் அங்கேயே மூடிவிடுகிறார்கள்.

அவர்களுக்காக, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய ஒரு கட்டற்ற மென்பொருளை உருவாக்கி வருகிறோம். அது அந்த ஃபைலைப் படித்து, ஒவ்வொரு அமைப்பையும் எளிய விளக்கத்தோடு படிவமாகக் காட்டும். சேமிக்கும் முன் சரிபார்க்கும். பழைய பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளும். ஏதாவது கெட்டுப்போனால் முந்தைய நிலைக்கே திரும்பிவிடலாம்.

"தெரியாமல் கை வைத்தால் அப்படித்தான்" என்பவர்கள் உண்டு. இந்த ஃபைல்களின் குணத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. இந்த ஃபைல்களை எழுதும் முறைகளில் ஒன்றான யாமல் வடிவத்தில் வரியின் தொடக்கத்தில் எத்தனை இடைவெளி என்பதை வைத்தே பொருள் மாறும். அங்கே டேப் விசையைத் தட்டினால் ஏற்காது. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுதான். இன்னொரு வடிவமான ஜேசனில் ஒரு வரியின் கடைசியில் காற்புள்ளி விட்டுப்போனால், பிழைச் செய்தி பெரும்பாலும் அடுத்த வரியைக் கைகாட்டும். அந்த வரியில் தவறே இருக்காது! நாட்டுப் பட்டியலில் நார்வேயின் குறியீடான என், ஓ என்ற இரண்டு எழுத்தைப் போட்டால், யாமல் 1.1 விதிப்படி அது நாடே அல்ல, ஆங்கில 'நோ', அதாவது 'இல்லை' என்ற பதில். 2009-இல் வந்த 1.2 பதிப்பு இதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருக்கும் நிரல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. கைதேர்ந்தவர்களே மாட்டிக்கொள்ளும் இடம் இது.

வல்லுநர்கள் தங்களுக்கான பாதுகாப்பை எப்போதோ செய்துகொண்டுவிட்டார்கள். லினக்ஸ் போன்ற கணினிகளில் யாருக்கு நிர்வாக உரிமை என்று தீர்மானிக்கும் சூடோயர்ஸ் ஃபைலை விசூடோ என்ற கட்டளை வழியாகத் திருத்தினால், பிழையோடு சேமிக்கப் போகும்போது அது நிறுத்திக் கேட்கும். இணையதளங்களை வழங்கும் எஞ்சின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் ஃபைலை முன்கூட்டியே சோதிக்கத் தனிக் கட்டளை உண்டு. சர்வர் அமைப்புகளை பிரௌசரில் படிவமாகக் காட்டும் வெப்மின் என்ற மென்பொருள் 1997-லேயே வந்துவிட்டது. ஆக, யோசனை புதிதல்ல. ஆனால் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு 'டைம்அவுட்: 30' என்று ஒரு பெட்டியை வைத்துவிட்டால் மட்டும் போதுமா? முப்பது நொடியா, மில்லிநொடியா? பூஜ்யம் போட்டால் உடனே துண்டிக்குமா, இல்லை, முடிவில்லாமல் காத்திருக்குமா? இதைச் சொல்லாத படிவமும் பழைய ஃபைலும் ஒன்றுதான்.

பணம் தேவைப்படுவது இங்கேதான். நிரல் எழுதத் தன்னார்வலர்கள் வருகிறார்கள். பயனர் தன் நினைவுக்காகக் கைப்பட எழுதிவைத்த கமெண்டுகள் (குறிப்புகள்) அழியாமல் ஃபைலைத் திருப்பி எழுதுவது போன்ற சிக்கலான வேலை என்றால் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஓர் அமைப்புக்கு நான்கு வரி விளக்கம் எழுதத்தான் ஆள் கிடைப்பதில்லை. மூலநிரலைப் படித்து, மதிப்பை மாற்றி ஓட்டிப் பார்த்து, பிறகு புரிகிற மொழியில் எழுத வேண்டும். புதிய பதிப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து. சலிப்பான வேலை, பெயரும் கிடைக்காது. ஊதியம் கொடுக்காமல் இதை யாரிடமும் தொடர்ந்து எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று குழு நினைக்கிறது.

அடுத்த பெரிய செலவு சோதனை. வல்லுநர் அல்லாதவர்களைத் திரைமுன் உட்காரவைத்து, குறுக்கே பேசாமல் கவனிக்க வேண்டும். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களும் அதில் இருக்க வேண்டும். அவர்கள் தரும் நேரத்துக்கு ஈடு தருகிறோம். மொழிபெயர்ப்புக்கும் சர்வர் வாடகைக்கும் மிச்சம் போகும். விளம்பரத்துக்கு எதுவும் இல்லை.

ஒரே தடவை தரும் பெரிய தொகையைவிட, மாதாமாதம் வரும் சிறு தொகை எங்களுக்கு உதவும். எழுதுபவருக்கு அடுத்த மாதமும் வேலை உண்டு என்று உறுதி சொல்லலாம். எவ்வளவு தந்தாலும் ரசீது உண்டு, வரவு செலவுக் கணக்கும் அனுப்பப்படும். ஒரு விஷயம்: நன்கொடை தந்தவர் கேட்கும் வசதி முதலில் செய்யப்படும் என்ற ஏற்பாடு கிடையாது. தர விரும்புபவர்கள் குழுவின் பொருளாளருக்கு எழுதுங்கள்.

பணம் தர இயலாதவர்கள், உங்களைக் குழப்பிய ஓர் அமைப்பின் பெயரையும் அதை என்னவென்று நினைத்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஃபைலையே அனுப்புவதானால் கடவுச்சொல் உள்ள வரிகளை முதலில் நீக்கிவிடுங்கள். பல ஃபைல்களில் அவை மறைக்கப்படாமல் அப்படியே கிடக்கும்.

இப்படிக்கு,
திட்டக் குழுவினர்