குறட்டை என்றுதான் நினைத்தோம்

மலேசியா, பீடோர் வட்டாரத்து உறவுகளுக்கும், எங்கள் தோட்டத்து மக்களுக்கும் வணக்கம்.

அம்மா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். காலையில் ஒன்றரை இட்லி பசியாறினார். மீதி அரை இட்லியைப் பூனைக்குப் போட்டுவிட்டு நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். போன் செய்தவர்களுக்கும் நேரில் வந்தவர்களுக்கும் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்தவர்களுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கதையும் இரண்டு மூன்று மாதிரி சுற்றுகிறது. அம்மா எதையோ குடித்துவிட்டார் என்றுகூட ஒருவர் சொன்னாராம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி, நன்றியையும் அதிலேயே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்பு வரை போயிருப்பது ஊருக்கே தெரியும். முப்பது வருடம் கித்தா (ரப்பர்) மரம் வெட்டிய தோள், இப்போது சட்டை மாட்டவே வலிக்கிறது. முதலில் மார்ஃபின் தண்ணி மருந்து கொடுத்தார்கள். வாந்தி நிற்கவில்லை. அப்புறம் ஃபென்டனில் என்ற கடுமையான வலி மருந்து உள்ள பிளாஸ்டருக்கு மாற்றினார்கள். தோலில் ஒட்டினால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். மூன்று நாளைக்கு ஒரு முறை, அதாவது 72 மணி நேரத்துக்கு ஒரு முறை, மாற்ற வேண்டும். மணிக்கு 25 மைக்ரோகிராம் அளவில் ஆரம்பித்தது. வலி அடங்கவில்லை என்று அந்த வாரம் 50-க்கு ஏற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது பிளாஸ்டரை நான்தான் ஒட்டினேன், வலது தோளில். இடது தோளுக்குப் பின்னால் இருந்த பழையதை உரிக்கவில்லை. மறந்துவிட்டேன். ஒட்டினால் கண்ணுக்கே தெரியாத மாதிரி கண்ணாடித் தாள் போல இருக்கும் என்பது ஒரு சாக்கு. மறந்தது மறந்ததுதான்.

அன்று ராத்திரி முழுக்க அம்மா முனகினார். புது பிளாஸ்டர் ஒட்டிய உடனே வேலை செய்யாது, முழுதாக ஏற 12-இலிருந்து 24 மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. மருந்து பத்தவில்லை என்று நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து இரண்டு தோளுக்கும் மாற்றி மாற்றி ஒத்தடம் கொடுத்தேன். நம் வீடுகளில் வலி என்றால் வேறு என்ன செய்வோம்? பிளாஸ்டர் மேல் சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும், காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான் என்று மருந்து கொடுத்த இடத்தில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் இருக்கிறதாம். அது எந்த இடம் என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆறு மணிக்கு அம்மா தூங்கிப்போனார். பல மாதம் கழித்து அசையாத தூக்கம், கூடவே குறட்டை. எனக்கு அழுகையே வந்தது, சந்தோஷத்தில். டிவி சத்தத்தைக் குறைத்தேன். சின்னம்மா பேரப்பிள்ளைகளை வாசலுக்கு அனுப்பினார். கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் நாங்கள் எல்லாரும் காலடி சத்தம் கேட்காமல் நடந்தோம்.

எட்டரை மணிக்கு கேஸ் தோம்பு (சிலிண்டர்) கொண்டுவந்தார் ஒரு தம்பி. இந்த மடலில் முதல் நன்றி அவருக்கு. பேர் போடாதீங்க அக்கா என்றார், போடவில்லை. ஊரில் அவரை ‘ஊசிக்காரன்’ என்றுதான் சொல்வார்கள். அவர் அந்தப் போதை ஊசிப் பழக்கத்தை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. தினமும் காலையில் சுகாதார கிளினிக்கில் வரிசையில் நின்று, போதையை விட்டவர்களுக்குக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர். அரசாங்கம் 2005-ல் ஆரம்பித்த திட்டம் அது. தன்னை மனுஷனாக்கியது அதுதான் என்பார். ஆனால் அவர் தோம்பு தூக்கிக்கொண்டு உள்ளே வந்தால் நான் சோபாவில் கிடக்கும் கைப்பையை எடுத்து ரூமில் வைப்பேன். அன்றைக்கும் வைத்தேன்.

அடுப்புக்குக் கீழே குனிந்து ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

“யாருக்கா குறட்டை விடறது?”

“அம்மா. இன்னைக்குத்தான் நல்லா தூங்குறாங்க.”

“இது தூக்கம் இல்லக்கா.”

நான் தடுக்கும் முன்னால் ரூமுக்குள் போய்விட்டார். குறட்டை இழுத்து, நின்று, ரொம்ப நேரம் கழித்துத் தொண்டையில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி மறுபடி வந்தது. அவர் சொன்ன பிறகுதான் எனக்கு அந்த இடைவெளியே காதில் விழுந்தது. “பாட்டி! பாட்டி!” என்று தோளைத் தட்டினார். அசைவில்லை. முஷ்டியை மடக்கி நடுநெஞ்செலும்பில் அழுத்தித் தேய்த்தார். சாதாரணமாகத் தூங்குகிற ஆள் அந்த வலிக்குத் திட்டிக்கொண்டே எழுந்திருப்பார். அம்மா முகம் சுளிக்கக்கூட இல்லை. இமையைத் தூக்கிக் காட்டினார். கண்ணின் கருமணி எள்ளு அளவுக்குச் சுருங்கியிருந்தது. நம் நிறத்துக்கு உதடு நீலமாவது சட்டென்று தெரியாது என்று கீழுதட்டைப் பிதுக்கி உள்பக்கத்தைக் காட்டினார். சாம்பல் பூத்த மாதிரி இருந்தது, நகமும் அப்படித்தான். கைப்பேசியில் நேரம் வைத்து மூச்சை எண்ணினார். அரை நிமிடத்தில் மூன்று. பெரியவர்களுக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது.

“என்ன மருந்து கொடுக்கறீங்க?” என்றார். பிளாஸ்டர் என்றதும் அம்மாவின் சட்டையை விலக்கித் தேடினார். ஒன்று கிடைத்தது, அப்புறம் இன்னொன்று. அந்த இரண்டாவதைப் பார்த்தபோது என் கால் இரண்டும் தளர்ந்துவிட்டது. இரண்டையும் உரித்து, பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, அம்புலன்ஸில் காட்ட வேண்டும் என்று என் கையில் கொடுத்தார்.

அதற்குள் வீடு நிறைந்துவிட்டது. முகத்தில் தண்ணி அடி என்றது ஒரு குரல். கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) கொஞ்சம் வாயில் ஊற்று, தூக்கி உட்கார வை, நடக்க வை என்று ஆளுக்கு ஒன்று. கெட்ட காத்து, பூசாரியைக் கூப்பிடு என்றும் ஒருவர். எல்லாரும் அம்மா மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னார்கள். தம்பி ஒன்றையும் விடவில்லை. மயங்கிக் கிடக்கிறவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்று சத்தம் போட்டார். “அக்கா 999 அடிங்க, ஸ்பீக்கர்ல போடுங்க.”

இரண்டாவது நன்றி, அந்தப் போனின் மறுமுனையில் இருந்த, முகம் தெரியாத சகோதரிக்கு. முதலில் எடுத்தவர் மருத்துவமனைப் பக்கம் மாற்றிவிட, இவர் பேசினார். “அடா நாஃபாஸ் தாக்?” என்று மூச்சு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். ஐந்து வயசிலிருந்து பேசுகிற மலாய் எனக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் அவசரப்படவே இல்லை. என்ன மருந்து, எத்தனை, எப்போது என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். மூச்சு நின்றுபோனால் நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, வண்டி வரும் வரை வைக்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

தம்பி அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்து, தாடையைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்தார். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். உடம்பு இளைத்ததில் அம்மாவின் மேல் பல் செட் லொடலொடவென்று ஆடும். அதைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினார். அம்மாவின் நெஞ்சு மேலே எழும்பி இறங்கியது. ஐந்து விநாடிக்கு ஒரு ஊது. “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று என்னை எண்ணச் சொன்னார். ஊதுவதை விடாமல் செய்தார். இடையில் ஒரு முறை எச்சில் பொங்கியபோது மட்டும் சட்டென்று பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் திரும்பவும் ஆரம்பித்தார். சுவரோரம் நின்றவர்களில் அவரைப் பின்னால் கேலி பேசுகிறவர்களும் இருந்தார்கள். நானும்தான் இருந்தேன்.

வெளியே மழை. தோட்டத்துச் சாலை கைப்பேசி வரைபடத்தில் பாதியில் நின்றுவிடும், செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு நடுவில் எந்தத் திருப்பமும் ஒரே மாதிரிதான் இருக்கும். கேட்டில் காவலுக்கு நிற்கும் நேப்பாளத் தம்பி சங்கிலியை அவிழ்த்து வைத்துவிட்டு, குடை கூட இல்லாமல் பெரிய சாலை வரைக்கும் ஓடிப்போய் டார்ச் காட்டியிருக்கிறார். ஒட்டுக்கடை அங்கிள் தன் லாரியை அடுத்த முச்சந்தியில் நிறுத்தி விளக்கைப் போட்டுவைத்தார். இருபத்தைந்து நிமிடத்தில் அம்புலன்ஸ் வாசலில் நின்றது. இவர்கள் இல்லையென்றால் அது எந்தச் செம்பனைக் குலை மேட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்ததோ.

அம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவி அதிகாரிகள் இருவருக்கும், அவசரப் பிரிவு டாக்டர்களுக்கும் தாதியர்களுக்கும் நன்றி. அங்கே நலோக்சோன் என்ற மாற்று மருந்தைப் போட்டார்கள். இளம் டாக்டர் ஒருவர் தமிழிலேயே விளக்கினார். மூளையில் ஒரு நாற்காலி இருக்கிறது, ஃபென்டனில் அதில் போய் உட்கார்ந்துகொண்டு மூச்சு விடச் சொல்லும் கட்டளையை அமுக்குகிறது, நலோக்சோன் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும் என்றார். மொத்தமாகப் போட்டால் அடங்கிக் கிடந்த வலி எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பிவிடும் என்பதால் துளித் துளியாக, மூச்சைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். அம்மா கண் திறந்து கேட்ட முதல் கேள்வி, “அடுப்ப அணைச்சியா?”

முழித்துவிட்டாரே, வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார் டாக்டர். நலோக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். ஃபென்டனிலோ தோலுக்கடியில் தேங்கி, பிளாஸ்டரை உரித்த பிறகும் வெகுநேரம் ஊறிக்கொண்டிருக்கும். மாற்று மருந்தின் வேகம் குறைந்ததும் நோயாளி மறுபடி மூச்சு குறைந்து போகலாம். சொன்னபடியே நடுராத்திரியில் அம்மா ஒரு முறை அமிழ்ந்தார். டிரிப்பில் தொடர்ந்து கொடுத்துத்தான் தேற்றினார்கள். அன்று விடிய விடிய கட்டில் பக்கத்திலேயே நின்று மூச்சு எண்ணிய தாதிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது மருந்தாளுநர் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கினார். காகிதத்தில் ஒரு பொம்மை வரைந்து எந்தத் தேதியில் எந்தத் தோள் என்று குறிக்கச் சொன்னார். முதலில் பழையதை உரி, மடி, அப்புறம்தான் புதுசு. உரித்ததிலும் மருந்து மிச்சம் இருக்கும், பிள்ளைகள் கையில் கிடைத்தால் ஆபத்து. ஒத்தடம், வெந்நீர்ப் பை எதுவும் அதன் மேல் படக் கூடாது. அந்தப் பொம்மை இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கும் வலி மருந்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அம்மா இப்போதும் பிளாஸ்டர்தான் போடுகிறார், டாக்டர் குறைத்துக் கொடுத்த அளவில். அது இல்லாத ராத்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். கெட்டது மருந்து இல்லை, என் மறதியும் அந்த உப்பு மூட்டையும்.

இது எப்படித் தெரியும் என்று தம்பியிடம் வார்டு வாசலில் கேட்டேன். பல வருடத்துக்கு முன்னால் செம்பனை அடியில் அவர் கூட்டாளி ஒருவர் இதே மாதிரி குறட்டை விட்டாராம். தூங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். சத்தம் நின்ற பிறகு, போலீஸ் வரும் என்று எல்லாரும் ஓடினார்களாம். “நானும் ஓடினேன்கா” என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அவர் அன்றைக்கு வார்டுக்கு வந்ததே பல் செட்டைக் கொடுக்கத்தான். அந்த ராத்திரிக்கு மறுநாள் காலை மெத்தடோன் வரிசையில் நின்று சட்டைப்பையில் கை விட்டபோதுதான் கிடைத்ததாம். கழுவி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

தம்பி, அன்றைய தோம்புக்கு நீங்கள் இன்னும் காசு வாங்கவில்லை. அம்மா தினமும் கேட்கிறார். சாயங்காலம் வாங்க, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். என் கைப்பை சோபாவிலேயேதான் கிடக்கும்.