வளைந்து வந்த ரெக்கார்டும் 'பிக்கப் இல்லை' என்ற பதிலும்: பாம்பனிலிருந்து ஒரு புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு

பொருள்: சேதமான எல்.பி. ரெக்கார்டை (பெரிய இசைத்தட்டை) மாற்றித் தராதது, திருப்பி எடுக்க மறுத்தது

வணக்கம்.

ஏப்ரல் 29-ஆம் தேதி உங்கள் தளத்தில் டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' ஆல்பத்தின் எல்.பி. ரெக்கார்டு ஒன்று ஆர்டர் செய்தேன். விலை 3,299 ரூபாய், அனுப்பும் செலவு 120 ரூபாய், முழுவதும் முன்பணமாகக் கட்டிவிட்டேன். மே 11 அன்று வந்தது. வந்த தட்டு வளைந்திருந்தது. அன்று மாலையே புகார் பதிந்தேன், இன்றோடு 42 நாள் ஆகிறது. இந்த 42 நாளில் ஆறு மின்னஞ்சலும் மூன்று போனும்தான் வந்தன, வேறு ரெக்கார்டு வரவில்லை, பணமும் வரவில்லை. நீங்கள் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: உங்கள் பகுதியில் ரிட்டர்ன் பிக்கப் கிடையாது. கொண்டு வந்து கொடுத்த அதே வாசலில் இருந்து திருப்பி எடுத்துப் போக ஏன் முடியாது என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பார்சல் வந்த விதம். மத்தியானம் பன்னிரண்டரை மணி, கத்திரி வெயில். டெலிவரி தம்பி பைக்கின் பின்னால் கட்டியிருந்த பெரிய பையில் என் பார்சல் அடியில் கிடந்தது, அதற்கு மேல் ஒரு மிக்சி பெட்டி, அதற்கு மேல் வேறு என்னவோ. அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை, அவருக்குக் கொடுத்ததை அவர் கொண்டு வந்தார், வேர்த்துக் கொட்ட நின்று ஓடிபி வாங்கிக்கொண்டு போனார். "அண்ணே, இது ராமநாதபுரம் குடோன்ல நாலு நாளாக் கிடந்துச்சு" என்று அவராகத்தான் சொன்னார். தகரக் கூரை போட்ட குடோன் என்றும் சொன்னார். பிரித்துப் பார்த்தால் மெல்லிய பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒரே ஒரு சுற்று குமிழித்தாள், அவ்வளவுதான். அட்டைப் பெட்டி இல்லை, மேலும் கீழும் வைக்கும் கெட்டி அட்டையும் இல்லை.

நான் 1992-இல் இருந்து 2005 வரை தங்கச்சிமடத்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன். ரெக்கார்டு என்பது பி.வி.சி. சூடு ஏறினால் இளகும், இளகிய நேரத்தில் மேலே பாரம் இருந்தால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும், அப்புறம் நேராக்குவது கஷ்டம். காரின் பின் கண்ணாடி ஓரம் ஒரு மத்தியானம் வைத்த ரெக்கார்டு அப்பளம் போல ஆகிக் கடைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ரெக்கார்டை எப்போதும் நிற்க வைப்பார்கள், படுக்க வைத்து அடுக்க மாட்டார்கள். ரெக்கார்டு விற்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

டர்ன்டேபிளில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் விளிம்பு மேலே தூக்கி நின்றது. இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து அந்த இடைவெளிக்குள் நுழைத்தேன், தாராளமாக உள்ளே போனது. போட்டோ உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். நிமிடத்துக்கு 33 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஊசி அலையில் ஏறி இறங்கும் வள்ளம் போல ஏறி இறங்குகிறது, இரண்டு இடத்தில் பள்ளத்தை விட்டே தாவிவிடுகிறது. வளைவு விளிம்பில்தான் அதிகம், அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் பாட்டுதான் முழுதாகக் கெட்டுப் போகிறது. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டுதான் ஆல்பத்தின் பெயர்ப் பாட்டு. குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஜான் லார்டின் ஆர்கன் தனியாக, கனமாக, மெதுவாகத் தொடங்கும். அந்த ஒரு நீண்ட சுரம் சுற்றுக்கு ஒரு முறை இழுத்து இழுத்து, காற்று ஓட்டை விழுந்த ஆர்மோனியம் மாதிரி கேட்டது. அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அரை நிமிடம் கேட்டார், கையை நீட்டி ஊசியைத் தூக்கி வைத்துவிட்டார்.

அண்ணனுக்காகத்தான் வாங்கினேன். அவருக்கு இந்த வருடம் அறுபது.

இந்த ஆல்பம் எங்கள் வீட்டுக்கு முதலில் கேசட்டாக வந்தது. அண்ணனுடன் படித்த கீழக்கரை நண்பர் ஒருவரின் வாப்பா துபாயில் இருந்தார், 1985 கடைசியில் ஊருக்கு வந்தபோது பெட்டியில் இருந்த சாமான்களோடு இதுவும் வந்தது. அதுவரை எங்களுக்கு வெளிநாட்டுப் பாட்டு என்றால் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்புதான். கடல் தாண்டி வரும், எங்கள் பக்கம் சென்னை நிலையத்தை விடத் தெளிவாக வரும். அண்ணன் அப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார், கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாணம், எல்லாவற்றுக்கும் போவார்கள். இந்தக் கேசட் வந்த பிறகு தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு அந்த ஆர்கன் வரும் இடத்தையே திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்பார். சுற்றுவதற்குப் பேனா. எனக்குப் பதின்மூன்று வயது, பேனா பிடித்துச் சுற்றுவது என் வேலை.

டீப் பர்ப்பிள் குழுவின் கதையையும் அவர்தான் சொன்னார். இயன் கில்லன், ரிட்சி பிளாக்மோர், ரோஜர் குளோவர், ஜான் லார்ட், இயன் பைஸ், இந்த ஐந்து பேர் 1969-இல் சேர்ந்தார்கள், 1973-இல் கில்லனும் குளோவரும் விலகினார்கள். வேறு ஆட்களை வைத்துக் கொஞ்ச காலம் ஓடி, 1976-இல் குழுவே கலைந்துபோனது. ஆளாளுக்குத் தனிக்குழு, தனிப் பாதை, இனி சேர மாட்டார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டிய பிறகு 1984-இல் அதே ஐந்து பேரும் மறுபடி சேர்ந்தார்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோ என்ற ஊரில் ஒரு வீட்டில் தங்கிப் பாடல்களைப் பதிவு செய்து ஆல்பத்தை வெளியிட்டு, அந்த நவம்பரிலேயே ஆஸ்திரேலியாவில் மேடை ஏறினார்கள். 1985 ஜூன் 22-இல் இங்கிலாந்தில் நெப்வொர்த் மைதானத்தில் மழையிலும் சேற்றிலும் நின்று ஜனங்கள் கேட்டார்கள். பதினோரு வருடப் பிரிவுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் பழைய பாட்டை வைத்தே ஊர் சுற்றியிருக்கலாம், காசும் வந்திருக்கும், ஆனால் முதலில் புதுப் பாட்டு போட்டார்கள், அதுதான் அண்ணனுக்குப் பெரிய விஷயம். ஜான் லார்ட் 2012-இல் இறந்த அன்று அண்ணன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அண்ணனுடைய குழுவும் 1996 வாக்கில் கலைந்தது. சண்டை எதுவும் இல்லை. ஒருவர் வளைகுடா போனார், ஒருவர் திருப்பூர் போனார், டிரம்ஸ் வாசித்தவர் அப்பாவின் விசைப்படகை எடுத்துக்கொண்டார். இந்த வருடம்தான் எல்லோரும் மறுபடி உட்காருவது என்று பேசி முடித்தார்கள். அதற்கு நாள் கிடைப்பது சுலபம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போதுதான் டிரம்ஸ்காரர் கரையில் இருப்பார். மற்ற மாதங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கடல், வலை, ஏலம், தூக்கமே ஒழுங்காகக் கிடையாது. வளைகுடாக்காரருக்கு லீவு ஜூன் 12 வரை. இரண்டையும் பார்த்து ஜூன் 8-ஆம் தேதி எங்கள் வீட்டு மாடியில் என்று முடிவானது. பழைய கேசட் உப்புக்காற்றில் பூஞ்சை பிடித்துப் போய்ப் பல வருடமாகிறது, அதனால் அன்று அந்த ஆல்பத்தை ஒழுங்கான ரெக்கார்டில் முதல் பாட்டில் இருந்து போட்டுக் காட்ட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஏப்ரலிலேயே ஆர்டர் போட்டது அதற்காகத்தான்.

இப்போது உங்கள் பதில்களுக்கு வருகிறேன்.

முதல் பதிலில் பார்சல் பிரிக்கும் வீடியோ கேட்டீர்கள். என்னிடம் இருந்தது, அரை மணி நேரத்தில் அனுப்பினேன். இரண்டாவது பதிலில், ரெக்கார்டு "பயன்படுத்தப்பட்டது" என்று வந்தது, ஏனென்றால் நான் ஒரு முறை ஓட்டிப் பார்த்ததாக எழுதியிருந்தேன். ஓட்டிப் பார்க்காமல் தாவுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? மூன்றாவது, தட்டை நானே என் செலவில் பெங்களூரு பக்கம் இருக்கும் உங்கள் கிடங்குக்கு அனுப்ப வேண்டும், அங்கே பரிசோதித்த பிறகு முடிவு சொல்வார்கள் என்று வந்தது. வளைந்த தட்டு அங்கே போவதற்குள் இன்னும் வளைந்தால் அதையும் என் தலையில்தானே கட்டுவீர்கள்? நான்காவது, 1,000 ரூபாய் உங்கள் வாலட்டில் போடுகிறோம், புகாரை முடித்துக்கொள்ளுங்கள் என்று. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாமலேயே அந்தப் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டீர்கள், இது எனக்கு ரொம்ப வருத்தம். மறுபடி திறக்கச் சொல்லிப் போட்டதற்குத்தான் மற்ற இரண்டு மின்னஞ்சலும் வந்தன, இரண்டிலும் அதே 'பிக்கப் இல்லை' வரிகள்.

மூன்றாவது போனில் பேசிய அம்மா மரியாதையாகத்தான் பேசினார். "சார், உங்க லொகேஷன் தீவு, வண்டி வர்றது கஷ்டம்" என்றார். அவருக்கு யாரோ அப்படி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எழுதிக் கொடுத்தவருக்குச் சொல்கிறேன், பாம்பனுக்கு 1988-இல் இருந்து சாலைப் பாலம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கு வரும் அத்தனை பஸ்ஸும் லாரியும் அதன் மேல்தான் வருகின்றன. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலமும் திறந்தாயிற்று. பிடித்த மீன் ஐஸ் போட்டு ராத்திரியோடு ராத்திரியாக இங்கிருந்து கேரளா வரைக்கும் போகிறது. உங்கள் டெலிவரி தம்பி தினமும் எங்கள் தெருவுக்கு வந்து, பார்சலைக் கொடுத்துவிட்டுப் பை காலியாகத்தான் திரும்பிப் போகிறார். அந்தக் காலிப் பையில் ஒரு ரெக்கார்டை வைத்து அனுப்ப ஒரு ஏற்பாடு செய்ய முடியாதா? 623-இல் தொடங்கும் பின்கோடு என்றால் கொடுப்பது மட்டும்தான், எடுப்பது கிடையாது என்று இருந்தால், அதைப் பணம் வாங்குவதற்கு முன்பே பக்கத்தில் பெரிதாகப் போட வேண்டும். நான் ஆர்டர் செய்த பக்கத்தில் "7 நாளில் சுலபமான ரிட்டர்ன்" என்றுதான் இருந்தது, அந்தப் படமும் இணைத்திருக்கிறேன்.

அப்புறம் அதே பக்கத்தில் ஒன்பது பாட்டு என்று பட்டியல் இருந்தது. 1984-இல் வந்த எல்.பி.யில் எட்டுப் பாட்டுதான், ஒன்பதாவது கேசட்டிலும் சி.டி.யிலும் மட்டும் சேர்த்தது. எனக்கு இது தெரியும், அதனால் அதற்காக நான் புகார் சொல்லவில்லை. தெரியாமல் வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள், தயவுசெய்து திருத்துங்கள்.

ஜூன் 8-ஆம் தேதி ஐந்து பேரும் வந்தார்கள். முப்பது வருடம் கழித்து ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். வளைந்த தட்டையே போட்டோம், வேறு வழியில்லை. ஒவ்வொரு பக்கமும் முதல் பாட்டை விட்டுவிட்டு உள்பக்கப் பாட்டுகளில் ஊசியை வைத்தால் ஓரளவு ஓடுகிறது. டிரம்ஸ்காரர் மூன்று முறை கேட்டார், "அந்த ஆர்கன் பாட்டைப் போடுங்க தம்பி" என்று. மூன்று முறையும் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அண்ணனே பழைய கீபோர்டை எடுத்து அந்த இடத்தை வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் அவர் உட்கார்ந்து கேட்க வேண்டிய நாள் அது.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக இல்லை, நான் விசாரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன் என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஏற்கெனவே பதிந்துவிட்டேன். அடுத்தது ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம்தான், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், போய்வர எனக்குச் சிரமம் இல்லை.

எனக்கு வேண்டியது இதுதான். என் வீட்டில் இருந்து உங்கள் செலவில் இந்தத் தட்டை எடுத்துப் போங்கள். அதே ஆல்பத்தை நேரான தட்டாக, கெட்டி அட்டைப் பெட்டியில் வைத்து, குடோனில் நாள் கணக்கில் போடாமல் அனுப்புங்கள். ஸ்டாக் இல்லை என்றால் 3,419 ரூபாயும் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், வாலட் வேண்டாம். "தீர்க்கப்பட்டது" என்று மூடிய புகாரைத் திறந்து, உண்மையில் என்ன நடந்ததோ அதை எழுதுங்கள். இதற்கு 15 நாள் தருகிறேன்.

ஆர்டர் எண், ரசீது, வீடியோ, நாணயம் வைத்து எடுத்த போட்டோ எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன். பிக்கப்புக்கு ஆள் அனுப்பினால் காலை பதினொரு மணிக்குள் அனுப்புங்கள், தட்டு வெயிலில் நிற்காமல் போய்ச் சேரும். அதுவரை பீரோவுக்குள் நிற்க வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாம்பனில் இருந்து உங்கள் வாடிக்கையாளர்
ஜூன் 22