லாரி நிற்க ஒரு இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வழக்கமாகப் பிப்ரவரி 1-ம் தேதி மத்திய பட்ஜெட் வருகிறது, அதை ஒட்டி ஒவ்வொரு தொழில்காரரும் என்ன எதிர்பார்க்கிறார் என்று நீங்களும் போட்டுக்கொண்டு வருகிறீர்கள். லாரித் தொழில் என்றால் டீசல், டோல்கேட், இன்சூரன்ஸ், இந்த மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூன்றும் பெரிய பாரம்தான், மறுக்கவில்லை. டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அதில் நாங்கள் கட்டும் வரியில் ஒரு பைசாவைக்கூடக் கழித்துக்கொள்ள முடியாது. டோல் கட்டணம் தமிழ்நாட்டில் சில சாவடிகளில் ஏப்ரலில் ஏறும், மற்றதில் செப்டம்பரில் ஏறும். 2025 செப்டம்பரில் லாரிக்கும் டயருக்கும் ஜிஎஸ்டியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நான் எழுத வந்தது இது எதையும் பற்றி இல்லை. லாரி நிற்க இடம் கேட்டு எழுதுகிறேன்.

எனக்கு ஊர் சங்ககிரி. 19 வருஷம் ஸ்டியரிங் பிடித்தேன். இப்போது சொந்தமாக ஒரு டாரஸ் லாரியும் ஒரு பன்னிரண்டு சக்கர வண்டியும் ஓடுகின்றன. போன ஐப்பசி மழையில் டாரஸ் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு லோடு கொண்டு போனது. விடியற்காலை நாலு மணிக்கு டிரைவர் கேட்டில் நின்றுவிட்டான். பத்து மணிக்கு இறக்குவோம் என்றார்கள், அப்புறம் நாளைக்கு டோக்கன் என்றார்கள். உள்ளே நிறுத்த இடம் இல்லை, சர்வீஸ் ரோட்டில் நிறுத்தினால் போலீஸ் வந்து எடுக்கச் சொல்கிறது, ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்கில் கேட்டால் டீசல் போட்டால்தான் நிற்கலாம் என்கிறார்கள். இருபது லிட்டர் போட்டுவிட்டு பங்குக்கு வெளியே ஓரமாக நிறுத்திப் படுத்திருக்கிறான். காலையில் எழுந்து பார்த்தால் டேங்க் மூடியை உடைத்து 130 லிட்டர் உருவிவிட்டார்கள், பன்னிரண்டாயிரம் ரூபாய். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை அண்ணே என்று போனில் அழுதான். ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கலாம் என்றால் அதுவரை லோடு வண்டியை யார் பார்ப்பது, டோக்கன் போய்விட்டால் இன்னொரு நாள் ஆகும் என்று அப்படியே கேட்டுக்குத் திரும்பிவிட்டான். அந்த டிரிப்பில் எனக்கு மிஞ்ச வேண்டியது அவ்வளவும் போனது. பணத்தைவிட, அவன் குரல்தான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இது திருட்டோடு நிற்கும் விஷயம் இல்லை. சாலையோரம் நின்ற லாரி மீது கார் மோதி இத்தனை பேர் பலி என்ற செய்தி உங்கள் பத்திரிகையிலேயே அடிக்கடி வருகிறது. படிக்கிறவர்கள் டிரைவரைத்தான் திட்டுவார்கள், லைட்டைக்கூடப் போடாமல் நடுரோட்டில் நிறுத்தினால் திட்டத்தான் வேண்டும். ஆனால் அவன் ஏன் அங்கே நிறுத்தினான் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? கண் சொருகும்போது அடுத்த நாற்பது கிலோமீட்டருக்கு ஒதுங்க இடம் இல்லை என்றால் இரண்டே வழிதான், ஒன்று தூங்கிக்கொண்டே ஓட்டுவது, இல்லையென்றால் ஓரத்தில் நிறுத்துவது. நான் ஓட்டிய காலத்தில் இரண்டையும் செய்திருக்கிறேன், நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, நடுவில் ஓய்வு என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே எழுதியாகிவிட்டது. வண்டியை எங்கே விட்டுவிட்டு ஓய்வு எடுப்பது என்பதற்குத்தான் பதில் இல்லை.

2025-26 பட்ஜெட்டில் மூலதனச் செலவுக்கு 11.21 லட்சம் கோடி ஒதுக்கினார்கள், அதில் சாலைத் துறைக்குப் பெரிய பங்கு போனது. சாலை வரட்டும், நல்ல சாலையின் அருமை எங்களுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும். ஆனால் ஆறு வழிச்சாலைக்கு எஸ்டிமேட் போடும்போதே லாரி நிறுத்தத்துக்கும் சேர்த்துப் போட வேண்டும். இப்போது சில இடங்களில் 'டிரக் லே-பை', அதாவது லாரி ஒதுங்கும் இடம் என்று போர்டு இருக்கிறது. பத்து வண்டி நின்றால் நிறைந்துவிடும், விளக்கு எரியாது, தண்ணீர் வராது, கக்கூஸ் இருந்தால் கதவு இருக்காது. எண்ணெய் நிறுவனங்கள் சில பங்குகளில் டிரைவர்களுக்குப் படுக்கை, குளியலறை கட்டி 'அப்னா கர்' என்று நடத்துகின்றன. மெச்ச வேண்டிய வேலை, அது போதாது என்பதுதான் குறை. ஐந்து ஏக்கர் இருந்தால் நூறு வண்டியை நிறுத்தலாம். சுற்றுச்சுவர், கேமரா, நாலு குளியலறை, ஒரு மெஸ், ஒரு பஞ்சர் கடை, இவ்வளவுதான் கேட்கிறோம். இலவசமாகவும் கேட்கவில்லை, ராத்திரிக்கு நூறோ நூற்றைம்பதோ பாஸ்டேக்கில் எடுத்துக்கொள்ளட்டும். 130 லிட்டர் டீசல் பறிகொடுத்தவன் சந்தோஷமாகக் கட்டுவேன்.

சென்னைத் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை போகும் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள், 2012-ல் வேலை நின்றது, 2022 மே மாதம் மறுபடியும் அடிக்கல். அதே நாளில் திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 184 ஏக்கரில் சரக்குப் பூங்காவுக்கும் அடிக்கல் நாட்டினார்கள். இரண்டும் முடிந்தால் பெரிய மாற்றம் வரும், அதை நம்புகிறேன். ஆனால் அதுவரைக்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வண்டிகள் வரிசையில் நின்றுகொண்டுதான் இருக்கும். வண்டியை விட்டு இறங்கினால் வரிசை போய்விடும் என்று டிரைவர்கள் கேனில் சிறுநீர் கழிக்கிறார்கள். பத்திரிகையில் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடப்பது இதுதான். திருவொற்றியூர், மணலி மக்களுக்கும் அந்த வரிசையால் நிம்மதி இல்லை.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் புது லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. வெயிலில் வெந்தவன் என்ற முறையில் வரவேற்கிறேன். ஆனால் வண்டி நிற்கும்போது ஏசி ஓட வேண்டும் என்றால் இன்ஜின் ஓட வேண்டும், டீசல் எரியும். படுத்துத் தூங்க ஒரு கட்டிடம் இருந்தால் அந்த டீசலும் மிச்சம்.

மாநில அரசுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போது தொழிற்சாலைக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறீர்கள், லாரிக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ராத்திரி போனால் சாலையோரம் எத்தனை வண்டி நிற்கிறது என்று நீங்களே எண்ணலாம். தினம் நூறு லாரி வந்து போகிற கம்பெனிக்கு அனுமதி கொடுக்கும்போதே, அந்த லாரிகளை உள்ளே நிறுத்த இடமும் டிரைவருக்குக் கழிப்பறையும் காட்டினால்தான் அனுமதி என்று சொன்னால் அரசுக்குப் பைசா செலவில்லை.

எங்கள் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி இல்லாத தெருவே கிடையாது. ஆனால் இன்று புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து பேசினால் முதல் பேச்சே ஆள் கிடைக்கவில்லை என்பதுதான். என் டிரைவருக்கு 46 வயது, பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். லைசென்ஸ் எடுக்கச் சொன்னாயா என்று ஒருமுறை கேட்டேன். நீங்கள் எடுக்கச் சொல்வீர்களா அண்ணே என்று திருப்பிக் கேட்டான். என் மகனுக்கு நானும் சொல்லவில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் உங்கள் நிருபர் ஒருவரை ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வாலாஜாவிலிருந்து பூந்தமல்லி வரை ஒரு தடவை அனுப்புங்கள். ஓரத்தில் நிற்கும் வண்டிகளைப் படம் எடுத்து, டிரைவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிப் போடுங்கள். கூட வர ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.