கேபிள் மீது பழி வேண்டாம்

ஆசிரியருக்கு,

4கே டிவியில் திரை இருண்டால் விலை உயர்ந்த எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்க ஓடுகிறார்கள். பல நேரம் கோளாறு, பிளேயருக்கும் டிவிக்கும் நடுவில் இருந்து ஸ்பீக்கர்களுக்கு ஒலி தரும் ஆடியோ ரிசீவரில்தான். பிளேயர், ரிசீவர், டிவி மூன்றும் எச்.டி.சி.பி. 2.2 எனும், படத்தை நகலெடுக்க விடாத காப்பு முறையை ஏற்க வேண்டும். ஒன்று பழையதானாலும் படம் வராது, அல்லது தெளிவு 4கே-யிலிருந்து 1080-க்கு இறங்கிவிடும். பிளேயரை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஏ.ஆர்.சி. போர்ட் (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்.டி.எம்.ஐ. போர்ட்) அல்லது ஆப்டிகல் கேபிள் வழியாக ரிசீவருக்கு அனுப்பினால் போதும்.

அசைவு வெட்டி வெட்டித் தெரிகிறதா? எச்.டி.எம்.ஐ. 1.4 போர்ட்டின் வேகம் நொடிக்கு 10.2 ஜிகாபிட், அதில் 4கே படம் நொடிக்கு 30 பிரேம்தான். முழு நிறத்தோடு 60 பிரேமுக்கு 18 ஜிகாபிட் தேவை. பல டிவிகளில் அந்த வேகத்தை ஒவ்வொரு போர்ட்டுக்கும் செட்டிங்ஸில் நாமேதான் இயக்க வேண்டும். அதை ஏன் அத்தனை ஆழத்தில் ஒளித்து வைக்கிறார்களோ!

எச்.டி.எம்.ஐ. பிளேயரை அனலாக் சிக்னல் மட்டும் ஏற்கும் பழைய விஜிஏ மானிட்டரில் இணைக்க வெறும் கேபிள் உதவாது. டிஜிட்டலை அனலாக் ஆக்கும் கன்வெர்ட்டர் வேண்டும்.

- ஒரு வாசகர்