ஒன்றையும் மறைக்காமல் சொன்னவர்களுக்கு நன்றி

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

என் மகளைப் பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் வணக்கம்.

அவளுக்கு மனச்சிதைவு நோய். இங்கே மருத்துவமனை வார்டில் நோய் கொஞ்சம் தணிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் நான் ஒருத்திதான். நீண்ட நாள் தங்கிச் சிகிச்சை பெற இடம் கிடைத்தது பிரிட்டோரியா பக்கத்தில், சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி. பெற்ற பிள்ளையை அவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டு எனக்கு இங்கே சோறு இறங்குகிறதென்றால் அது உங்களால்தான். அவளுடைய அந்தரங்கத்துக்காக யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது யாரென்று உங்களுக்கே தெரியும்.

முதலில் எங்கள் கோயில் பூசாரி ஐயாவுக்கு. அவளுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கியது தைப்பூச விரத நாட்களில். சாமி வந்திருக்கிறது என்றார்கள் உறவுக்காரர்கள் சிலர். காவடி நேரத்தில் அருள் வந்து ஆடுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஐயா அவளோடு வெகுநேரம் பேசிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "அருள் வந்தால் மேளம் நின்றதும் இறங்கிவிடும் அம்மா. இது இறங்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போ. விரதத்தை நீ இரு, அவள் மாத்திரை போடட்டும்" என்றார். அவர் சொன்ன பிறகு உறவில் யாரும் மறுபேச்சு பேசவில்லை. சிகிச்சை சீக்கிரமே தொடங்கியது.

அப்புறம், இந்த நாட்டில் பிள்ளையை இப்படி ஓர் இடத்தில் விட்டிருக்கிற எந்தப் பெற்றோருக்கும் லைஃப் எசிடிமெனி என்ற மனநலக் காப்பகங்களின் கதை மறக்காது. 2016இல், பிரிட்டோரியா இருக்கிற கௌடெங் மாகாணத்தின் சுகாதாரத் துறை அங்கிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநல நோயாளிகளை வெளியேற்றி, பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. அவற்றில் முறையான உரிமம்கூட இல்லை. 144 பேர் இறந்துபோனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே முன்னால் அந்தத் தாய்மார்களும் அக்கா தங்கைகளும் சாட்சி சொன்னதை டிவியில் பார்த்து அழுதிருக்கிறேன். அதே மாகாணத்துக்கு என் மகளையும் அனுப்ப வேண்டி வந்தபோது வயிறு கலங்கியது.

அந்தக் குடும்பங்களுக்கு இந்த மடலில் நன்றி சொல்லியே ஆக வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் விடாமல் கேட்டதால்தான் உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தெரிந்திருந்தது. இல்லத்து மேலாளர் அம்மா, நான் வாயைத் திறக்கும் முன்பே நீங்கள் அதை எடுத்து மேசையில் வைத்தீர்கள். சமையலறை, மருந்து அலமாரி, இரவில் ஆள் உட்காரும் இடம் எல்லாவற்றையும் காட்டினீர்கள். சொல்லாமலும் வரலாம் என்றீர்கள். சொல்லாமல் வந்தும் பார்த்தேன். கதவைத் திறந்த உங்கள் முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை.

பகல் ஷிஃப்ட் கேர்கிவர் அக்கா, உங்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். அவள் மனச்சிதைவுக்குப் போடுகிற க்ளோசபின் சாதாரண மாத்திரை இல்லை. வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தம் எடுக்க வேண்டும். அந்த மருந்தால் வரும் மலச்சிக்கல் முற்றினால் உயிருக்கே ஆபத்து. அது பலருக்குத் தெரிவதில்லை. வயிறு உப்பியிருக்கிறதே என்று நீங்கள் அன்றைக்கே நர்ஸிடம் சொல்லாமல் விட்டிருந்தால்? போனில் நீங்கள் ஒரு நாளும் "எல்லாம் நல்லா இருக்கு" என்று முடித்ததில்லை. இன்று குளிக்க மறுத்தாள், யாரோடும் பேசவில்லை, சாயங்காலம் கொஞ்சம் சிரித்தாள் என்று உள்ளதை உள்ளபடி சொல்வீர்கள். கேட்டுக் கலங்கிய நாட்கள் உண்டு. ஆனாலும் எனக்கு வேண்டியது அதுதான். அவளுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தால்தானே டாக்டரிடம் நான் எதையும் கேட்க முடியும்?

2020 மார்ச் 27 முதல் நாடு முடங்கியது. மாகாணம் தாண்டிப் போக வழியில்லை. அப்போது உங்களில் சிலர் வீட்டுக்குப் போகாமல் இல்லத்திலேயே தங்கினீர்கள். உங்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

அவளைப் பார்க்க வரும்போது தங்க, பிரிட்டோரியாவின் லாடியம் பகுதியில் எனக்கு ஓர் அறையையே ஒதுக்கிவைத்திருக்கும் அண்ணாவுக்கும் அண்ணிக்கும் நன்றி. ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குகிறவளுக்குச் சுடச்சுடத் தேநீரும், கேள்வி கேட்காத பேச்சும் தருகிறீர்கள். நள்ளிரவில் சாடாக் என்ற மனநல உதவி அமைப்பின் உதவி எண்ணில் பேசிய தன்னார்வலருக்கும் நன்றி. அன்று அழுது முடிக்கும்வரை போனை வைக்கவில்லை அந்தப் பிள்ளை.

இதை மகளுக்குப் போனில் படித்துக்காட்டி, அவள் சரி என்ற பிறகே வெளியிடுகிறேன். ஒருவரை விட்டுவிட்டாய் என்றாள். இல்லத்துத் தோட்டக்கார ஐயா, தினமும் காலையில் நீங்கள் அவளிடம் மண்வெட்டியைக் கொடுத்து, இந்தப் பாத்தி உன்னுடையது என்று சொல்கிறீர்களாம். வெண்டைக்காய் காய்த்திருக்கிறதாம். அவள் சொல்லச் சொன்ன நன்றி இது.